பெட்டி வேணாம், ஆண்ட்டி

கதீஜாவின் வீடு சிங்கப்பூரில் தேக்கா சந்தையை ஒட்டிய அடுக்குமாடியில் இருந்தது. கீழே ஆட்டிறைச்சி வெட்டுகிற சத்தம் மாடியேறி வந்துவிட்டால் அவளுக்குப் படுக்கை கொள்ளாது. விடியற்காலைச் சுபுஹு தொழுத கையோடு தள்ளுவண்டியை உருட்டிக்கொண்டு சந்தைக்குள் இறங்குவாள். மஞ்சள் மீ நூடுல் இன்றைக்குப் போட்டதா, நேற்றையதா என்று விரலால் நசுக்கிப் பார்ப்பாள். தவ்கே பயறுமுளை உடைந்திருந்தால் கடைக்கார ரவூபோடு ஒரு சண்டை. பிறகு ஈரத் தரையில் சக்கரம் கீச்சிட, சிராங்கூன் ரோட்டைக் கடந்து பள்ளிக்கூடத்துக்கு நடப்பாள். ஜூன் விடுமுறை முடிந்து பள்ளி திறந்திருந்த அந்த 1989 ஜூலையில், விடிகிற நேரத்துக்கே சட்டை முதுகோடு ஒட்டியது. வானம் கறுத்துக் காட்டும், அப்புறம் மனசு மாறிப் போய்விடும்.

பெண்கள் பள்ளி அது. கேண்டீனில் முஸ்லிம் கடை கதீஜாவுடையது. பக்கத்தில் ஆ லானின் நூடுல் கடை. மகள் சம்சுன்னிசாவும் அங்கேயே உயர்நிலை நான்கில் படித்தாள். கேண்டீனில் வைத்து மகள் அம்மாவோடு அதிகம் பேசமாட்டாள். கதீஜாவும் அதை விரும்பினாள். குவாலிச் சட்டிக்கு முன்னால் நிற்கும்போது அவள் யாருக்கும் உம்மா இல்லை. சட்டுவமும் கையுமாக ஒரு பொம்பளை, அவ்வளவுதான்.

அந்தத் திங்கட்கிழமை இடைவேளை மணி அடித்ததும் முதலில் வந்து நின்றவள் லின் ஹுவா. உயர்நிலை ஒன்றில் படிக்கிற பொடிசு. சட்டைக் கை முழங்கையைத் தாண்டித் தொங்கும். தினமும் வெள்ளை ஸ்டைரோஃபோம் பெட்டியில் மீ கோரெங்தான் வாங்கிப் போவாள். அன்றைக்கு இரண்டு கையாலும் ஒரு எனாமல் டப்பாவை நீட்டினாள். மூடியில் சிவப்புப் பூ.

"ஆண்ட்டி, இதுல போடுங்க. பெட்டி வேணாம்."

கதீஜா மீயை அள்ளியாயிற்று. சட்டுவம் டப்பாவுக்கு மேலே வந்துவிட்டது. அங்கேயே நின்றது. நேற்று இந்த டப்பாவில் என்ன இருந்திருக்கும் என்ற கேள்வி அவள் கேட்காமலே வந்தது. சீன வீடு. பன்றிக்கறி ஆக்காத நாள் உண்டா? சட்டுவம் தொட்டுவிட்டால் அதே சட்டுவம் குவாலிக்குள் போகும். அடுத்து நிற்கிற மலாய்ப் பிள்ளை அதிலிருந்துதான் சாப்பிடும்.

லின் ஹுவா நிமிர்ந்து பார்த்தாள். சட்டுவத்தைப் பார்த்தாள். பிறகு தன் டப்பாவைப் பார்த்தாள்.

"கழுவிட்டேன் ஆண்ட்டி," என்றாள்.

"இன்னிக்குப் பெட்டியிலதான்மா. நாளைக்குப் பார்ப்போம்."

"பெட்டி வேணாம், ஆண்ட்டி." பின்னாலிருந்து வேறொருத்தி சொன்னாள். அவள் கையில் பிளாஸ்டிக் டப்பா. அவளுக்குப் பின்னால் டிஃபன் கேரியர், கிண்ணம், மூடியில்லாத சட்டி ஒன்றுகூட. மரியாதையாகத்தான் சொன்னார்கள். ஒவ்வொருத்தியாகச் சொல்லிவிட்டு விலகிப் போனார்கள். இடைவேளை முடியும் மணி அடித்தபோது குவாலியில் பாதிக்கு மேல் மீ அப்படியே கிடந்தது. அடுக்கி வைத்திருந்த ஸ்டைரோஃபோம் பெட்டிகள் வெள்ளை வெளேரென்று சிரித்துக்கொண்டு நின்றன.

தூண் ஓரத்தில் தோழி உர்சுலாவோடு சம்சு நின்றுகொண்டிருந்தாள். இரண்டு பேர் கையிலும், அவர்கள் தொடங்கிய பெட்டி ஒழிப்புக் குழுவின் பச்சைத் துணி கட்டியிருந்தது.

மிச்ச மீ ராத்திரிச் சாப்பாடாக வீட்டுக்கு வந்தது. கதீஜாவின் புருஷன் அப்துல் ஹமீது துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டுகிறவர். குளித்துவிட்டுக் கைலியோடு உட்கார்ந்து தட்டைப் பார்த்தார்.

"என்ன, இன்னிக்குப் பள்ளிக்கூடம் லீவா?"

"உங்க மகளைக் கேளுங்க மச்சான்."

சம்சு கேட்கக் காத்திருந்தவள் மாதிரி பேசத் தொடங்கினாள். "அந்தப் பெட்டியை உப்ப வைக்க ஒரு கேஸ் அடைக்கிறாங்க உம்மா. அது மேல போனா சூட்டை வெளிய விடாது. உலகத்துக்கு மூடி போட்ட மாதிரி. நானும் உர்சுலாவும் லைப்ரரியில உக்காந்து படிச்சோம். ஒவ்வொரு வருஷமும் சூடு ஏறுது."

"சூட்டைப் பத்தி எங்கிட்ட சொல்றா," என்றாள் கதீஜா. "குவாலி முன்னால ஒரு மணி நேரம் நின்னு பாரு. அப்புறம் சொல்லு."

"ஐஸ் உருகிக் கடல் ஏறும் உம்மா. நம்ம ஊரு எவ்வளவு உயரம்னு நினைக்கிறீங்க? மரீன் பரேடு பூரா கடல்ல கொட்டின மண்ணு."

"கடல் ஏறினா நமக்கென்ன," என்றார் ஹமீது, மீயை உருட்டியபடி. "நாம ஏழாவது மாடிலா."

"வாப்பா, சீரியஸா பேசுறேன்."

"நானும் சீரியஸாத்தான் சாப்பிடுறேன். போன தடவை மீயை விட இது நல்லாருக்கு."

கதீஜாவுக்குச் சிரிப்பு வரவில்லை. "எல்லாப் பிள்ளையும் வீட்டுப் பாத்திரம் கொண்டு வரணும்னு சொன்னியே, யார் வீட்டுப் பாத்திரத்துல என்ன இருந்திருக்கும்னு யோசிச்சியா? நீ யாரு மகள்? உன் உம்மா என்ன கடை வச்சிருக்கா?"

சம்சு அள்ளிய மீயைத் தட்டிலேயே போட்டாள். நூலகத்தில் அத்தனை படித்தவளுக்கு இது ஒன்று தோன்றவில்லை. வீட்டில் எல்லாப் பாத்திரமும் சுத்தம் என்று பிறந்ததிலிருந்து பழகிய பிள்ளை; பாத்திரம் என்றால் பாத்திரம்தான் அவளுக்கு.

"ஐயோ," என்றாள் மெதுவாக. "நான் மறந்துட்டேன் உம்மா."

அந்தப் பெட்டி எப்படி வந்தது என்று மகளுக்குத் தெரியாது. இரண்டு வருஷத்துக்கு முன்பு கேண்டீனில் பீங்கான் தட்டுகள் இருந்தன. முஸ்லிம் கடைக்குப் பச்சை, மற்றவர்களுக்கு மஞ்சள். பிள்ளைகள் எதையும் எங்கேயும் போடுவார்கள். ஒருநாள் தன் பச்சைத் தட்டுகள் ஆ லானின் தொட்டிக்குள் பன்றி எலும்போடு ஊறிக் கிடப்பதைக் கதீஜா பார்த்தாள். எடுத்து வந்து, கேண்டீன் பின்புறம் குந்தி உட்கார்ந்து, செடிக்கடியிலிருந்து மண் அள்ளிப் போட்டுக் குழைத்து, மார்க்க முறைப்படி ஏழு தடவை கழுவினாள். நிமிர்ந்தபோது ஆ லான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். தன் தொட்டியில் கிடந்த தட்டை மண் போட்டுக் கழுவுகிறார்கள். அன்றிலிருந்து ஆ லான் காலையில் கொடுக்கிற கோப்பித் தண்ணீரை நிறுத்திவிட்டாள்.

பிறகு பள்ளிக்கூடம் தட்டுகளை எடுத்துவிட்டு வெள்ளைப் பெட்டியைக் கொண்டுவந்தது. கதீஜா அல்லாவுக்கு நன்றி சொன்னாள். யாரும் சாப்பிடாத பெட்டி, யார் வீட்டுக்கும் சொந்தமில்லாத பெட்டி. யாரையும் முகம் சுளிக்க வைக்காமல் பிழைக்க அது ஒரு வழி. அந்த வழியைத்தான் இந்தப் பெண் வந்து அடைக்கிறாள்.

மறுநாள் லின் ஹுவா மறுபடி முதல் ஆளாக வந்தாள். கையில் புதுக் கிண்ணம். அடியில் ஒட்டியிருந்த கடைச் சீட்டைக் கதீஜா பார்க்கட்டும் என்று கிண்ணத்தைக் கவிழ்த்துக் காட்டினாள்.

"புதுசு ஆண்ட்டி. அம்மா வாங்கித் தந்தாங்க. இன்னும் யாரும் சாப்பிடல. சீட்டைக் கிழிக்கல, பாருங்க."

கதீஜா கிண்ணம் நிரம்ப மீயைப் போட்டாள். மேலே ஒரு முட்டை. முகத்தை மறைக்க மிளகாய் சாஸ் பாட்டிலைத் தேடுகிற மாதிரி குனிந்துகொண்டாள். பன்னிரண்டு வயசுப் பிள்ளைக்கு இந்தச் சங்கடத்தைப் புரியவைத்தது யார்? யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. திங்கட்கிழமை ஒரு சட்டுவம் காற்றில் நின்றதைப் பார்த்திருக்கிறாள். அதிலிருந்து மிச்சத்தைத் தானே கூட்டிப் பார்த்து, வீட்டில் போய் அம்மாவிடம் கேட்டிருக்கிறாள். என்னவென்று கேட்டிருப்பாள்? அந்த அம்மா என்ன நினைத்திருப்பாள்? அன்றைக்கும் பிள்ளைகள் வரிசையாக வந்து பெட்டி வேண்டாமென்று சொல்லிவிட்டுப் பட்டினியாகப் போனார்கள். கதீஜாவின் காதில் அது ஏறவேயில்லை.

புதன்கிழமை பிரின்சிபால் கூப்பிட்டனுப்பினார். மிசஸ் ஓங், மலாய்ப் பழக்கம் கலந்த சீனர்களான பெரானாக்கான் வீட்டுப் பெண்மணி. மலாய் அவருக்குத் தாய்மொழி மாதிரி. கதீஜாவோடு எப்போதும் மலாயில்தான் பேசுவார். கெட்டவர் என்று சொல்ல முடியாது. நோன்பு மாதத்தில் தன் அறையில் தேநீர்கூடக் குடிக்க மாட்டார்.

"உக்காருங்க கதீஜா. ஒரு அம்மா போன் பண்ணாங்க. எங்க பாத்திரம் அசிங்கமான்னு கேட்டாங்க. இந்தப் பேச்சு என் பள்ளிக்கூடத்துல வரக்கூடாது. இனம், மதம், இதெல்லாம் நெருப்பு. உங்களுக்குத் தெரியும். அறுபத்துநாலு இனக் கலவரத்துல நீங்க எங்க இருந்தீங்க?"

"கேலாங்ல."

"அப்ப நான் விளக்க வேண்டாம்."

குளிர்சாதனக் காற்று வியர்வையில் பட்டுக் கதீஜாவின் முதுகு சில்லிட்டது.

"முதல்ல சம்சுவும் உர்சுலாவும் சேர்ந்து, சாப்பிட்ட பெட்டியெல்லாம் கழுவிக் கயிறு கட்டிக் கொடிக்கம்பம் வரைக்கும் தொங்க விட்டாங்க. எடுக்கச் சொன்னேன். இப்ப பாத்திரம். யாரைக் கேட்டு? வெள்ளிக்கிழமை மத்தியானம் டீச்சர்ஸ் கூட்டம் இருக்கு. நீங்க வந்து ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்தப் பிள்ளைங்க செஞ்சது உங்க மதத்துக்கு நோவா இருந்துச்சுன்னு. அது போதும். நான் அந்தக் குழுவைக் கலைச்சுடுவேன்."

"சம்சு?"

"ரெண்டு பேரோட பள்ளிச் சான்றிதழ்லயும் எழுதத்தான் வேணும். காலேஜ் கிடைக்காமலா போயிடும்? பார்த்துக்கலாம்." மிசஸ் ஓங் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நவம்பர்ல கேண்டீன் கடையெல்லாம் புதுசா முடிவாகும். எனக்கு உங்க கடை வேணும் கதீஜா. நீங்களும் கொஞ்சம் உதவி பண்ணணும்."

வெளியே வந்தபோது வெயில் கண்ணைக் குத்தியது. கதீஜாவுக்குக் கஷ்டமாக இருந்தது என்னவென்றால், அந்த அம்மாள் சொல்லச் சொன்னதில் பாதி உண்மை. பாத்திரத்தைப் பார்த்து அவளுக்கு உள்ளே சுருங்கியதுதானே? குர்ஆனைத் தொட்டுக் கேட்டாலும் இல்லையென்று சொல்ல முடியாது. முழுப் பொய்யாக இருந்திருந்தால் மூஞ்சியில் அடித்த மாதிரி மறுத்துவிட்டு வந்திருப்பாள்.

சாயங்காலம் ஹமீதிடம் சொன்னாள். சம்சு அறைக்குள் உர்சுலாவோடு அட்டையில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். பேனா கீறுகிற சத்தம் நின்றுவிட்டதை வைத்து அவர்களும் கேட்கிறார்கள் என்று தெரிந்தது.

"சொல்லிட்டு வந்திரு," என்றார் ஹமீது. "பொய் சொல்லலையே நீ. உனக்குக் கை வரலல்ல?"

"வரல."

"அப்புறம் என்ன?"

"எனக்கு வந்தது சங்கடம் மச்சான். அது எனக்கும் அந்தப் பிள்ளைக்கும் உள்ளது. அதை அந்தம்மா கையில கொடுக்கச் சொல்றாங்க. என் ஈமானை எடுத்து என் புள்ள முதுகுல அடிக்கப் போறாங்க. நான் கம்பு ஒடிச்சுக் கொடுக்கணுமா?"

"கடை போனா? எனக்கு இன்னும் எத்தனை வருஷம் வின்ச் கிடைக்கும்? மெஷின் வந்துட்டிருக்கு."

"தெரியும்."

"பெட்டி வேணாங்குது ஒரு கூட்டம். பாத்திரம் வேணாங்குறே நீ. தட்டு வேணாங்குது பள்ளிக்கூடம்." ஹமீது எரிச்சலில் கையை விரித்தார். "அப்ப ஒண்ணு செய். கீழக்கரைக் கல்யாணம் மாதிரி எல்லாத்தையும் பாயைப் போட்டு உக்கார வச்சு சஹன்ல சோத்தைக் கொட்டு. தின்னுட்டுப் போகட்டும்."

குத்தலாகத்தான் சொன்னார். அவர்கள் ஊர்க் கல்யாணத்தில் இலை கிடையாது. சஹன் என்கிற அகலத் தாம்பாளத்தில் சோற்றைக் குவித்து வைப்பார்கள். சுற்றி நாலு பேர் உட்கார்ந்து அவரவர் பக்கத்திலிருந்து சாப்பிடுவார்கள்.

கதீஜா மடித்துக்கொண்டிருந்த கைலியைக் கீழே வைத்தாள்.

"நம்ம கீழக்கரைச் சங்கத்துல எத்தனை சஹன் கிடக்கும் மச்சான்?"

"நான் வாயில வந்ததைச் சொன்னேன்லா."

"எத்தனை இருக்கும்னு கேட்டேன்."

உள்ளேயிருந்து உர்சுலாவின் குரல் வந்தது. "அங்கிள், சஹன்னா என்ன?"

வியாழக்கிழமை கடையை மூடிவிட்டு ஊர்ச் சங்கத்துக்குப் போனாள். சாமான் அறைச் சாவி, அவள் நானா என்று கூப்பிடுகிற சேக் தாவூதிடம் இருந்தது. தாடியைத் தடவிக்கொண்டே அவளை மேலும் கீழும் பார்த்தார்.

"என்ன விசேஷம் தங்கச்சி? நிக்காஹ்வா?"

"பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்குச் சாப்பாடு நானா."

"நம்ம பிள்ளைங்களுக்கா?"

"பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களுக்கு."

அவர் சாவியைத் திருப்பாமல் நின்றார். "மத்தவங்க கை படுமே."

"கழுவின கை படும். என் தொட்டியில, என் சோப்புல கழுவித்தான் சஹன் திரும்பி வரும். கை பட்டா சஹனுக்கு என்ன ஆகும்னு எந்தக் கிதாபுல போட்டிருக்கு, சொல்லுங்க. நான் இப்பவே போயிடுறேன்."

சேக் தாவூது சாவியைத் திருப்பிக் கதவைத் திறந்தார். "நசுங்கிப் போச்சுன்னு வராதே," என்றார். "ஒண்ணு ஏற்கெனவே நசுங்கிக் கிடக்கு. அது என் மகன் கல்யாணத்துல ஆனது."

வெள்ளிக்கிழமை கடையில் மீ கோரெங் இல்லை. கறிவேப்பிலையும் ரம்பை இலையும் போட்டுத் தாளிச்ச சோறு. மாங்காய் போட்ட பருப்பு. உருளைக்கிழங்கும் கோழியும் போட்ட சாளனாக் குழம்பு. காலையிலிருந்தே வாசனை வகுப்பறைகளுக்குள் போய்ப் பாடத்தைக் கெடுத்துக்கொண்டிருந்தது. ஹமீது வேலைக்குப் போகிற வழியில் சஹன்களைத் தூக்கிவந்து இறக்கிவிட்டு, "நான் ஒண்ணும் பார்க்கல," என்று சொல்லிவிட்டுப் போனார்.

மணி அடித்தது. சம்சுவும் உர்சுலாவும் கேண்டீன் தரையில் பாய் விரித்தார்கள். பிள்ளைகள் டப்பாக்களோடு ஓடி வந்து, பாயையும் சஹனையும் பார்த்து நின்றார்கள்.

"டப்பாவைப் பையில வைங்க," என்றாள் கதீஜா. "பெட்டியும் வேணாம், பாத்திரமும் வேணாம். கையைக் கழுவிட்டு நாலு நாலு பேரா உக்காருங்க."

"ஸ்பூன், ஆண்ட்டி?"

"கைல அஞ்சு விரல் இருக்குல்ல?"

சிரிப்பு எழுந்தது. முதலில் உட்கார்ந்தவர்கள் தமிழ்ப் பிள்ளைகளும் மலாய்ப் பிள்ளைகளும். சீனப் பிள்ளைகள் நின்று பார்த்தார்கள். லின் ஹுவா தன் நீளச் சட்டைக் கையை மடக்கிவிட்டுக்கொண்டு ஒரு சஹன் முன்னால் போய்ச் சம்மணம் போட்டாள். அவளுக்கு எதிரே உர்சுலா.

"உன் பக்கம் இது. என் பக்கம் இது," என்று உர்சுலா விரலால் சோற்றில் கோடு போட்டாள். "கோடு தாண்டினா ஃபைன்."

"கோழி உன் பக்கம் நிறைய இருக்கு."

"அப்படின்னா சீக்கிரம் தின்னு."

லின் ஹுவா சோற்றை அள்ளினாள். வாய்க்குப் போகுமுன் பாதி மடியில் விழுந்தது. மறுபடி அள்ளினாள். மலாய்ப் பிள்ளை ஒருத்தி கட்டைவிரலால் தள்ளுவது எப்படி என்று காட்டினாள். கதீஜா பருப்பு ஊற்றிக்கொண்டே கடந்து போனாள். நிற்கக் கூடாது, நின்றால் அழுதுவிடுவோம் என்று தோன்றியது. பக்கத்துக் கடையிலிருந்து ஆ லான் துணியால் கையைத் துடைத்தபடி எட்டிப் பார்த்தாள். தன் கடை முன்னால் யாருமில்லை. இருந்தும் ஒரு பெரிய கெட்டில் நிறைய வெந்நீரைக் கொண்டுவந்து கதீஜாவின் கழுவுத்தொட்டி ஓரத்தில் வைத்துவிட்டுப் போனாள். முகத்தில் சிரிப்பு இல்லை. ஆனால் வைத்தாள்.

மிசஸ் ஓங் வந்தபோது பேச்சுச் சத்தம் ஒவ்வொரு பாயாக அணைந்தது. பிள்ளைகள் எழுந்திருக்கப் பார்த்தார்கள்.

"உக்காருங்க," என்றார் மிசஸ் ஓங். பிறகு கதீஜாவிடம் மலாயில் பேசினார். "இது என்ன? யார் அனுமதி கொடுத்தது?"

சம்சு எழுந்து நின்றாள். "மேடம், நான்தான்..."

"நீ உக்காரு புள்ள," என்றாள் கதீஜா தமிழில். பிறகு மலாயில், "யாரும் கொடுக்கல. என் கடை, என் சோறு, எங்க ஊருத் தட்டு. நான்தான் வச்சேன்."

"ஒரே தட்டுல நாலு பேர். காமாலை வந்தா யாரு பொறுப்பு?"

"அவங்கவங்க பக்கத்துல அவங்கவங்க சாப்பிடறாங்க. கையைக் கழுவ வச்சு, நகத்தைப் பார்த்துத்தான் உக்கார வச்சேன். உங்க வீட்டுலயும் கையாலதான் சாப்பிடுவீங்க மேடம்."

மிசஸ் ஓங்கின் முகம் சிவந்தது. குரலைத் தாழ்த்தினார். "மத்தியானம் கூட்டம் இருக்கு கதீஜா. நீங்க வந்து அந்த ஒரு வார்த்தையைச் சொல்லிட்டா, இதை நான் பார்க்கவே இல்லைன்னு வச்சுக்கறேன்."

கதீஜா கரண்டியைப் பருப்புச் சட்டியில் வைத்தாள். திங்கட்கிழமை இருந்த சுருக்கம் இன்னும் உள்ளே எங்கோ இருந்தது. அது போய்விட்டது என்று தனக்குத்தானே பொய் சொல்லிக்கொள்ள அவளுக்கு இஷ்டமில்லை. இருக்கட்டும். தன் சுருக்கத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று அவள்தான் முடிவு செய்ய வேண்டும்.

"கூட்டத்துக்கு வரேன் மேடம்," என்றாள். "எனக்கு ஒரு சங்கடம் இருந்துச்சு, பிள்ளைங்க என்னை யோசிக்க வச்சாங்க, நான் ஒரு வழி பண்ணிட்டேன்னு சொல்றேன். நோவுன்னு சொல்ல மாட்டேன். யாரும் என்னை நோகடிக்கல."

"அப்படின்னா நவம்பருக்கு அப்புறம் இந்தக் கடை உங்களுக்கு இல்ல."

இதை அவர் தாழ்ந்த குரலில் சொல்லவில்லை. எல்லாப் பாய்க்கும் கேட்டது. மலாய் தெரியாத பிள்ளைகளுக்குத் தெரிந்த பிள்ளைகள் சொல்லிக்கொடுக்கிற முணுமுணுப்பு ஓடியது. ஒரு சஹன் ஓரத்திலிருந்து எழுந்த ஒருத்தி பெட்டி அடுக்கின் பக்கம் போனாள். அவள் பெட்டியை எடுக்கவில்லை. அடுக்கைச் சுவரோரமாக நகர்த்தி, அங்கே இன்னொரு பாயை விரித்தாள்.

"சரி மேடம்," என்றாள் கதீஜா. "நவம்பர் வரைக்கும் பிள்ளைங்க சாப்பிடணும்ல."

மிசஸ் ஓங் திரும்பி நடந்தார். அவருடைய செருப்புச் சத்தம் படியேறி மறைகிறவரை யாரும் வாயில் சோறு வைக்கவில்லை.

சம்சு குவாலிப் பக்கம் வந்தாள். அம்மாவின் முந்தானையைப் பிடித்தாள். கடைசியாக அப்படிப் பிடித்தது சின்னப் பிள்ளையாக இருந்தபோதுதான்.

"உம்மா, கடை போயிடும்."

"போகும் போல இருக்கு."

"நான் போய் சாரி சொல்லட்டா? குழுவை விட்டுடறேன். நிஜமா."

கதீஜா மகளைப் பார்த்தாள். கையில் கட்டிய பச்சைத் துணி வியர்வையில் கறுத்துப் போயிருந்தது. உலகம் சூடாவதைப் பற்றிக் கதீஜாவுக்கு இன்னும் பாதிக்கு மேல் விளங்கவில்லை. கடல் ஏறுமா, எப்போது ஏறும், அல்லாவுக்குத்தான் தெரியும். ஆனால் இந்தப் பிள்ளை தலைகுனிந்து அந்த அறைக்குள் போவது எப்படி இருக்கும் என்று அவளுக்கு நன்றாக விளங்கியது.

"விட்டா உன்னை வீட்டுக்குள்ள சேர்க்க மாட்டேன்," என்றாள். "அழுறதுன்னா அந்தப் பக்கம் போய் அழு. சோத்துல விழும்."

சம்சு புறங்கையால் மூக்கைத் துடைத்தாள்.

"அந்தக் கையோட சோத்துச் சட்டியைத் தொடாதே. போய்க் கழுவு."

கதீஜா இரண்டாவது சட்டியின் மூடியைத் திறந்தாள். ஆவி முகத்தில் அடித்தது. பாய்களைத் தாண்டி வாசல் வரைக்கும் பிள்ளைகள் நின்றுகொண்டிருந்தார்கள். சிலர் கையில் பெட்டிக்கடை ரொட்டி. பயத்தில் அதைக் கடிக்கவும் இல்லை, போகவும் இல்லை.

"என்ன பார்க்கறீங்க?" என்று தன்னிடமிருந்த ஆங்கிலத்தில் உரக்கக் கேட்டாள். "இன்னும் யாரு சாப்பிடல?"